கவிழ்த்து வைத்த தூக்குச்சட்டி

அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். சங்கரன்கோவிலுக்கும் தென்காசிக்கும் நடுவில், மீட்டர் கேஜ் காலத்தில், பாசஞ்சர் மட்டும் நின்று போகிற ஒரு சின்ன ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டர் அறை, ஒரு வேப்பமரம், சிமெண்ட் பெஞ்சு ஒன்று, பின்பக்கம் வரிசையாகச் சில குவார்ட்டர்ஸ். ஊர் அங்கிருந்து பார்த்தால் தெரியாது; வயல் தாண்டிப் போக வேண்டும். ராத்திரி ஆனால் பேச்சைத் தவிர எங்களுக்குப் பொழுதுபோக்கு கிடையாது. அப்பாவுக்கு நைட் டூட்டி இல்லாத நாட்களில் வாசலில் சாக்கை விரித்து உட்காருவோம். அவர் சொன்ன கதைகளில் ராஜா ராணி வந்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாம் தண்டவாளத்துக் கதைகள்தான்.

அதில் ஒன்று டோக்கன் கதை. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு டோக்கன் என்றால் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சீட்டு. அப்போது ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடாமல் காத்தது அதுதான். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஓர் இரும்புக் கருவி நிற்கும். அடுத்த ஸ்டேஷனில் உள்ள கருவியோடு அதைக் கம்பி வழியாக இணைத்திருப்பார்கள். இரண்டு பேரும் மணியடித்துப் பேசி ஒப்புக்கொண்டால்தான் அதிலிருந்து ஓர் எஃகு உருண்டை வெளியே விழும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு கருவியில் எதிலிருந்தும் இன்னொரு உருண்டையை எடுக்க முடியாது. உருண்டையைத் தோல்பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தோடு சேர்த்து, நிற்காமல் போகிற வண்டிக்கு அப்பா நீட்டிக்கொண்டு நிற்பார். ஓடுகிற இஞ்சினிலிருந்து ஃபயர்மேன் குனிந்து வளையத்துக்குள் கையை விட்டு வாங்கிக்கொள்வார். முந்தைய ஸ்டேஷனில் வாங்கிய வளையத்தைக் கீழே எறிவார். அது உருண்டு போய் எங்கே விழுகிறதோ, தேடி எடுத்து வருவது எங்கள் வேலை.

ஓர் ஐப்பசி மழை ராத்திரியில் அந்தக் கைமாற்றம் தப்பிவிட்டது. வளையம் கீழே விழுந்தது. டோக்கன் இல்லாமல் வண்டி அடுத்த பாதைக்குள் நுழையக் கூடாது. டிரைவர் பிரேக் போட்டு, வண்டி ஸ்டேஷனைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. அப்பா கைவிளக்கையும் வளையத்தையும் தூக்கிக்கொண்டு ஜல்லி மேல் ஓடினார். செருப்பு அறுந்துவிட்டது. இஞ்சின் பக்கம் போய்ச் சேர்ந்ததும் டிரைவர் ஏசிய ஏச்சை அவர் அதே குரலில் நடித்துக் காட்டுவார்: “ஒனக்கெல்லாம் எவம்ல வேல குடுத்தான்?” நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். தவறவிட்டது யார் என்பதில் மட்டும் கதை மாறிக்கொண்டே இருக்கும். சில நாள் ஃபயர்மேன் கை தவறியது, சில நாள் அப்பாவின் கை. மடக்கிக் கேட்டால், “ரெண்டு பேரு கையும் ஈரம்லா” என்பார்.

ஓடினார், கொடுத்தார், ஏச்சு வாங்கினார். அவ்வளவுதான் கதை. விபத்தும் இல்லை, வீரமும் இல்லை, மேலதிகாரி வந்து முதுகில் தட்டிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் பின்னாளில் நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க, யாராவது எல்லார் முன்னாலும் கத்துகிறபோது என் காதில் அந்த டிரைவரின் குரல்தான் கேட்கும். முதலில் டோக்கனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம், ஏச்சை அப்புறம் நடித்துக் காட்டிக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இந்த உதவியைச் செய்ததில்லை.

அம்மாவிடமும் ஒரு கதை இருந்தது. அது சிரிக்கிற கதை இல்லை.

1974 மே 8-ஆம் தேதி ரயில்வே ஸ்டிரைக் ஆரம்பித்தது. சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸை மே 2-ஆம் தேதியே கைது செய்துவிட்டார்கள். போனஸ் வேண்டும், எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று நாடு முழுக்க லட்சக்கணக்கான தொழிலாளர்கள் இறங்கிய போராட்டம் அது. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அரசியல் எதுவும் தெரியாது. பள்ளிக்கூடம் லீவு, வண்டியும் வரவில்லை என்பதில் எங்களுக்குச் சந்தோஷம். தண்டவாளத்தின் மேல் கைகளை விரித்துக்கொண்டு நடந்து பழகினோம். சில நாளிலேயே அதன் மேல்பக்கத்துப் பளபளப்பு போய், விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்படி செம்பழுப்பாகத் துரு படிந்தது. சக்கரம் ஓடாவிட்டால் தண்டவாளம் இத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அப்பாவும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமாவும் சேர்ந்துதான் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். இரண்டு பேரும் பாயிண்ட்ஸ்மேன், ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். போலீஸ் தேடி வரும் என்று ராத்திரியில் வீட்டில் படுக்க மாட்டார்கள். தென்னந்தோப்பில் போய்ப் படுத்துவிட்டு, விடிவதற்கு முன்னால் புறவாசல் வழியாக வந்து கஞ்சி குடித்துவிட்டுப் போவார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பலசரக்குக் கடை அண்ணாச்சி பற்று நோட்டை மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பளம் வருமா, வேலையே இருக்குமா என்று யாருக்கும் தெரியாத நேரம்.

அப்பா பாதியிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டார். மாமா திரும்பவில்லை.

மே மாதக் கடைசியில் ஸ்டிரைக்கை விலக்கிக்கொண்டார்கள். கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. மாமாவுக்கு விசாரணை எதுவும் இல்லாமல் வேலைநீக்க உத்தரவு வந்தது. எங்கள் வீட்டில் உலை கொதித்தது, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கொதிக்கவில்லை. அம்மா தினமும் சாயங்காலம் ஒரு தூக்குச்சட்டியில் சோறு போட்டு, மேலே கொஞ்சம் குழம்பை ஊற்றி, புறவாசல் கட்டைச் சுவர் மேல் வைப்பாள். அத்தை எடுத்துக்கொள்வாள். மறுநாள் காலையில் சட்டி திரும்பி வரும். வெறுமனே வராது. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை இருக்கும். இல்லாவிட்டால் கறிவேப்பிலை, அதுவும் இல்லாவிட்டால் நாலு சுண்டைக்காய். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரு நாள் காலையில் அம்மா போய்ப் பார்த்தபோது சட்டி கட்டைச் சுவர் மேல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

“கழுவிக் கவுத்து வச்சிருந்தா.” அம்மா எப்போது சொன்னாலும் கதை இந்த இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அவள் ஆரம்பித்ததும் அப்பா எழுந்து, மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போகிறேன் என்றோ, பீடி வாங்கி வருகிறேன் என்றோ வெளியே போய்விடுவார். ஏன் திரும்பிப் போனீர்கள் என்று கல்லூரி நாட்களில் ஒரு முறை கேட்டேன். அப்போது எனக்குப் புரட்சி பிடித்திருந்தது. குழந்தைகளுக்காக என்றோ, சங்கம் சரியில்லை என்றோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “பயந்துட்டேன்” என்றார். அவ்வளவுதான்.

மாமாவை 1977-இல் ஜனதா அரசு வந்த பிறகு மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேறு ஸ்டேஷன் கொடுத்தார்கள்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம். பெரியப்பா மகன் ஒருவர், அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்ற அன்பில், “எழுபத்திநாலு ஸ்டிரைக்குல சித்தப்பா பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்தாவ, கடைசி வரைக்கும் மன்னிப்புக் கேக்கல” என்று ஆரம்பித்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக்கூட அந்த நிமிஷம் அது நன்றாகத்தான் இருந்தது. அறைக்குள் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஜெயிலுக்குலாம் போகல. பாதியிலயே வேலைக்குப் போயிட்டாவ. போனது பக்கத்து வீட்டு அண்ணன்.” கூடத்தில் யாரும் பேசவில்லை. அம்மா உள்ளே போய் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

புருஷனைச் சபையில் இப்படி விட்டுக் கொடுக்கலாமா என்று அத்தைமார் அன்று முணுமுணுத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவள் செய்ததுதான் சரி. அப்பா ஜெயிலுக்குப் போன தியாகி என்று கதை மாறியிருந்தால், அது சுவரில் மாட்டி வைக்கத்தான் உதவியிருக்கும். பயந்து திரும்பிய அப்பாதான் எனக்கு வேண்டியிருந்தது. 2003-இல் அது தெரிந்தது.

அந்த வருஷம் ஜூலை 2-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். ஓய்வூதியச் சலுகைகளில் கை வைத்திருந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கைதுகள் நடந்தன. ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்வதற்கு அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் உள்ளே திரும்பினோம். அந்தக் கடிதத்தை எழுதிய கை இன்னும் கூசுகிறது என்று சொல்கிறவர்கள் என் சிநேகிதிகளில் இப்போதும் உண்டு.

எங்கள் பள்ளியில் ஒரே ஒரு டீச்சர் மட்டும் ஸ்டிரைக்கில் கலந்துகொள்ளாமல் வேலைக்குப் போனார். நாங்கள் திரும்பிய பிறகு ஸ்டாஃப் ரூமில் அவரோடு யாரும் பேசவில்லை. அவர் நாற்காலியைச் சுற்றி ஓர் இடைவெளி தானாக விழுந்துவிட்டது. எனக்கும் கோபம் இருந்தது. ஆனால் மதியம் அவர் தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கிறபோதெல்லாம், அம்மா சொல்லும்போது எழுந்து வெளியே போகிற அப்பாவின் முதுகு என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்து என் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த முதுகின் தொல்லை தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. “ஒங்க வீட்டு நார்த்தங்கா ஊறுகா இருக்கா டீச்சர்?” என்று கேட்டார். மற்றவர்கள் கொஞ்ச காலம் என்னோடும் பேசவில்லை.

கதை எனக்கு ஸ்டிரைக்குக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போனவளுக்கும் போகாதவளுக்கும் நடுவில் மறுநாள் காலையில் என்ன இருக்கும் என்பதை மட்டும் எனக்கு முன்கூட்டியே காட்டி வைத்திருந்தது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் இல்லை. உ.வே.சாமிநாதையர் வாழ்க்கையிலும் இப்படி ஒரு சின்னக் கதை உண்டு. 1880 அக்டோபர் 21, கும்பகோணம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர், கல்லூரித் தமிழாசிரியர். ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இவர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்தச் சந்திப்பிலிருந்துதான் 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பும், பின்னால் மற்றப் பழைய நூல்களும் வந்தன. நான் கவனிப்பது வேறொன்றை. 85 வயதை நெருங்கும்போது, 1940-இல், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கிய அந்த மனிதரிடம் மகாமகோபாத்தியாயர் பட்டம் இருந்தது, டாக்டர் பட்டம் இருந்தது. படித்ததெல்லாம் போதாது என்று இன்னொருவர் முன் நின்ற அந்தக் காட்சியை மழுப்பியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் அதை அப்படியே, தேதியோடு, எழுதி வைத்தார். 1942-இல் அவர் காலமானபோது அந்தச் சரித்திரம் முடியாமலே நின்றது. ஆனால் அந்த ஒரு காட்சி தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும்.

காலையில் எழுந்தால் வாட்ஸ்அப்பில் வந்து குவிகிற தன்னம்பிக்கைக் கதைகள் எனக்கு ஏன் ஒட்டுவதில்லை என்று இப்போது புரிகிறது. அதில் வருகிற தொழிலதிபருக்கு ஊர் இல்லை, அவர் மனைவிக்குக் கோபம் வருவதில்லை, பற்று நோட்டை மூடுகிற அண்ணாச்சி யாரும் இல்லை. கடைசி வரியில் நீதி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதை அனுப்புகிறவர்கள் யாரும் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

வேலையில் இருந்த கடைசி வருஷங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கட்டுரை நோட்டில் வீட்டுக் கதை ஒன்று எழுதி வரச் சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை: நீதி எழுதக் கூடாது. முதலில் திணறுவார்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் பீடி சுற்றுகிற தாய்மார்கள். ஒரு பெண் எழுதி வந்தாள்: அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆயிரம் பீடி முடிக்க உட்கார்ந்தால், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கட்டுக் கட்ட இவளும் உட்காருவாள். ஆனால் பரீட்சை நாட்களில் மட்டும் தட்டைத் தொடக் கூடாது. தொட்டால் அடி விழும். காரணம், அந்த அம்மா ஆறாவது படிக்கிறபோது முழுப் பரீட்சை அன்று ஆயிரத்தை முடித்துக் கடையில் போட்டுவிட்டு ஓடினாள். பள்ளிக்கூட கேட்டுக்குப் போகும்போது கணக்குத் தாளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் பரீட்சைக்கு முதல் நாள் அந்த அம்மா இதைச் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பாளாம். நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. அந்தப் பெண் ஏன் ஒரு நாளும் பரீட்சைக்குத் தாமதமாக வந்ததில்லை என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

அந்த நோட்டுகளைத் திருத்தித் திருத்தி எனக்கு ஒன்று பிடிபட்டது. “உங்க வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்க” என்று கேட்டால் பெரியவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். “என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், வந்தோம்” என்று முடித்துவிடுவார்கள். அரிசி என்ன விலை, யார் கடையில் வாங்கினீர்கள், அன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால் வாய் திறப்பார்கள். குழம்பில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விடுவார்கள். நாம் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கல்யாண வீட்டில் விலாசம் கிடைத்து, அந்தப் பக்கத்து வீட்டு அத்தையைப் பார்க்கப் போனேன். மகன் வீட்டில் இருந்தாள். மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பார்வை மங்கல், காது மட்டும் கூர்மை. என் குரலை வைத்து, “பாயிண்ட்ஸ்மேன் வீட்டு மூத்தவதான நீ” என்றாள். காப்பி குடித்து, பிள்ளைகள் பேச்செல்லாம் பேசி முடித்த பிறகு அந்தத் தூக்குச்சட்டியைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு உடனே நினைவு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள்.

“அதையா ஒங்கம்மா இன்னும் சொல்லுதா? எங்க அண்ணன் விடியக்காலம் வண்டி பூட்டிட்டு வந்துட்டாவ. சாமான்லாம் ஏத்தியாச்சு. அடுத்த வீட்டுச் சட்டிய அழுக்கோட வைக்கக் கூடாதேன்னு கழுவி வச்சேன். நிமித்தி வச்சா காக்கா வாய வைக்கும்லா, அதான் கவுத்தேன்.”

“கோவம் இல்லையா அத்த?”

“கோவம் இல்லாம இருக்குமாட்டி? ஒங்கப்பா மேல மலையளவு கோவம். அது வேற, சட்டி வேற.”

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அண்ணன் வண்டி, காக்கா, எல்லாவற்றையும் கேட்டாள். “அவ அப்படித்தான் சொல்லுவா, நல்லவ” என்றாள். அடுத்த முறை பேரப்பிள்ளைகளிடம் கதை சொன்னபோது காக்காயையும் சேர்த்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். சேர்க்கவில்லை. “கழுவிக் கவுத்து வச்சிருந்தா” என்று பழைய இடத்திலேயே நிறுத்தினாள். நான் இப்போது என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் சொல்கிறேன். எது நிஜம் என்று கேட்கிறார்கள். ரெண்டு பேரு கையும் ஈரம்லா என்கிறேன். அவர்களுக்குப் புரிவதில்லை, டோக்கன் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்லி எல்லாருக்கும் சலித்துப்போன ஒரு கதை இருக்கும். அதை எழுதி வையுங்கள். விலைவாசியோடு, குழம்போடு, யார் பயந்தார்கள் என்பதோடு எழுதுங்கள். அதில் வருகிற இன்னொரு வீட்டு ஆள் உயிரோடு இருந்தால், ஒரு நடை போய் அவர் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள். 1974-இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.